முகத்தை மூடினால் கதவும் மூடிக்கொள்கிறது: டார் வைத்துக்கொண்டு அன்றாட வேலையை எப்படி ஓட்டுகிறீர்கள்?

அரைமுகம் (இழை தொடங்கியவர்)

மூன்று வாரமாக ஒரு சோதனை. போன், மடிக்கணினி இரண்டிலும் எல்லாவற்றையும் டார் (நாம் எங்கிருந்து வருகிறோம் என்று தளங்களுக்குத் தெரியாமல் மறைக்கும் வலையமைப்பு) வழியாகத் திருப்பிவிட்டேன், டார் படுத்துக்கொண்ட நேரங்களில் விபிஎன் (வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியாக இணையத்துக்குப் போகும் சேவை). பெரிய ரகசியம் எல்லாம் ஒன்றும் இல்லை. வீட்டில் ஒருவருக்கு வந்த நோயைப் பற்றி நாலு நாள் விடாமல் தேடினேன், ஐந்தாம் நாளிலிருந்து போகிற பக்கமெல்லாம் அந்த நோய்க்கான விளம்பரம், அதுவும் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது. எரிச்சலில் ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் மாற்றினேன்.

என்ன ஆயிற்று என்றால், வங்கிச் செயலியில் ஒரே மாலையில் மூன்று நாடுகளிலிருந்து நான் நுழைந்ததாகப் பதிவாகிக் கணக்கை முடக்கிவிட்டார்கள். பத்து வருஷ மின்னஞ்சல், 'இது நீங்கள்தானா' என்று கேட்டுப் பழைய எண்ணுக்கு ஓடிபி அனுப்புகிறது, அந்த எண் இப்போது என்னிடம் இல்லை. ஒரு வேலைக்கான விண்ணப்பப் பக்கம் 403, அதாவது 'அனுமதி இல்லை', என்று மட்டும் காட்டிவிட்டு நின்றது, கடைசி நாளும் போயிற்று. மருத்துவரிடம் நேரம் வாங்கும் தளத்தில் வெறும் வெள்ளைத் திரை. 'நீ மனிதன்தானா' என்று சோதிக்கும் கேப்சாவில் போக்குவரத்து விளக்கைத் தொட்டுத் தொட்டு இப்போது கண்ணை மூடினாலும் அதுதான் தெரிகிறது.

யாருக்கும் தெரியாமல் இருக்கவும் வேண்டும், வேலையும் நடக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்குமா, நடக்காதா? ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

கம்பிவழி

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். வங்கியிடம் எதை மறைத்தீர்கள்? பெயர், முகவரி, புகைப்படம், கையெழுத்து எல்லாம் அவர்கள் கையில் இருக்கிறது. முகமூடி போட்டுக்கொண்டு கவுண்டருக்குப் போய் சொந்தப் பெயரில் பணம் கேட்டால், மறைந்தது ஒன்றும் இல்லை, காவலாளிக்குச் சந்தேகம் வந்ததுதான் மிச்சம்.

டார் என்ன செய்கிறது என்று பார்த்தால் இது புரியும். நீங்கள் இணையத்தில் அனுப்புவது எல்லாம் மூன்று கணுக்கள், அதாவது இடைவழிக் கணினிகள், வழியாகப் போகிறது. முதல் கணுவுக்கு நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்று தெரியும், எங்கே போகிறீர்கள் என்று தெரியாது. கடைசிக் கணுவுக்குப் போகும் இடம் தெரியும், ஆள் தெரியாது. 'யார்', 'எங்கே' என்ற இரண்டையும் ஒருவர் கையிலேயே சேரவிடாமல் பிரித்து வைப்பதுதான் அதன் முழு வேலையும். 1990களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் இந்த யோசனை பிறந்தபோதும் இதற்காகத்தான். நீங்களே லாகின் செய்து பெயரைச் சொன்ன பிறகு பிரித்து வைக்க அங்கே என்ன இருக்கிறது? வெளியேறும் கணு ஒருமுறை ஒரு நாட்டில், அடுத்த முறை இன்னொரு நாட்டில் இருக்கும். வங்கியின் கணினி அதைத் திருட்டு என்று படித்ததில் தப்பே இல்லை, உண்மையான திருடனும் அப்படித்தான் தெரிவான்.

---

அரைமுகம்

> வங்கியிடம் எதை மறைத்தீர்கள்?

வங்கியிடம் இல்லை, இணைய இணைப்பு கொடுப்பவரிடம். நான் எந்த வங்கி, எந்த மருத்துவமனை என்பதெல்லாம் அவர்களுக்கு எதற்குத் தெரிய வேண்டும்?

---

கம்பிவழி

நியாயமான கவலைதான், ஆனால் அளவு பார்க்க வேண்டும். பூட்டுக்குறி போட்ட (https) தளம் என்றால் இணைப்பு கொடுப்பவருக்குத் தளத்தின் பெயர் தெரியும், உள்ளே எந்தப் பக்கம், என்ன தட்டச்சு செய்தீர்கள் என்பது தெரியாது. அந்தப் பெயர் இரண்டு ஓட்டை வழியாகக் கசிகிறது. ஒன்று டிஎன்எஸ் கேள்வி, அதாவது தளத்தின் பெயரைச் சொல்லி அதன் எண் முகவரியைக் கேட்பது, இன்னொன்று இணைப்பு தொடங்கும்போது உலாவி தளத்தின் பெயரைப் பச்சையாகச் சொல்வது. முதல் ஓட்டையை அடைக்க மறையாக்கம் செய்த டிஎன்எஸ் இருக்கிறது, 2018-லேயே தரநிலை ஆகிவிட்டது, உலாவி அமைப்பில் ஒரு சொடுக்கு. இரண்டாவதற்கும் வழி வந்திருக்கிறது, ஆனால் தளத்தின் பக்கமும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும். இந்த வங்கியில் உங்களுக்குக் கணக்கு இருக்கிறது என்பது மட்டும்தான் கசிகிறது என்றால், அதற்காகக் கணக்கையே முடக்கிக்கொள்வது லாபமா?

உங்களை எரிச்சல்படுத்திய விளம்பரத்துக்கு டாரே தேவையில்லை. லாகின் செய்த உலாவியிலேயே நோயைத் தேடியிருப்பீர்கள். தேடலுக்குத் தனி உலாவி, அதில் எந்தக் கணக்கும் இல்லை, மூடினால் குக்கி எல்லாம் அழியும், இவ்வளவு செய்தாலே முக்கால்வாசி போய்விடும்.

---

ஊமைக்கோட்டான்

முக்கால்வாசி என்பது கொஞ்சம் தாராளம் சார். தேடல் வார்த்தைகளே ஆளைக் காட்டிக்கொடுக்கும். 2006-ல் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் சுமார் 6,50,000 பேரின் 2 கோடி தேடல்களை ஆய்வுக்கென்று வெளியிட்டது. பெயரை எடுத்துவிட்டு ஆளுக்கு ஒரு எண் போட்டிருந்தார்கள். சில நாளிலேயே ஒரு பத்திரிகை அந்த எண்களில் ஒன்றுக்குப் பின்னால் இருந்த பெண்ணின் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டது. அவர் தேடிய ஊர்ப் பெயர், உறவினர் குடும்பப் பெயர், வீட்டு நாய் பற்றிய கவலை, இவை எல்லாம் சேர்ந்தால் வேறு யாராக இருக்க முடியும்?

ஐபி (இணையத்தில் நம் இணைப்பின் எண் முகவரி) மறைந்தால் ஆள் மறைந்தான் என்று நினைப்பது பாதிக் கிணறு தாண்டுவது. உலாவியின் கைரேகையும் இருக்கிறது. எழுத்துருக்கள், திரை அளவு, நேர மண்டலம், மொழி, இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் 2010-ல் ஈஎஃப்எஃப் என்ற டிஜிட்டல் உரிமை அமைப்பு நடத்திய சோதனையில் 83.6 சதவீத உலாவிகள் தனித்துத் தெரிந்தன. அப்போதிருந்த ஃபிளாஷ் அல்லது ஜாவா செருகுநிரல் போட்டிருந்தவர்களில் 94.2 சதவீதம். வேடிக்கை என்னவென்றால், தனியுரிமைக்காக உலாவியில் ஏழெட்டு நீட்சிகளை (கூடுதல் துணை நிரல்களை) போட்டுக்கொள்கிறவர் இன்னும் தனித்துத் தெரிவார். டார் உலாவி எல்லோரையும் ஒரே சீருடையில் நிறுத்தப் பார்க்கிறது. அதில் நீட்சி போடாதீர்கள், சாளரத்தை இழுத்துப் பெரிதாக்காதீர்கள் என்று சொல்வது அதனால்தான்.

---

ராக்காவல்

கதவைச் சாத்துகிறவனின் பக்கமும் ஒருவர் சொல்ல வேண்டும் இல்லையா, சொல்கிறேன். ஒரு சிறிய நூலகத் தளத்தின் சர்வரைக் கவனித்துக்கொள்கிறேன், சம்பளமும் இல்லை. உங்களுக்கு 403 காட்டியது நானாக இல்லாமல் இருக்கலாம், ஆனால் என் மாதிரி ஒருவன்தான்.

டார் வெளியேறு கணுக்களின் பட்டியலை டார் அமைப்பே பகிரங்கமாக வெளியிடுகிறது. யார் வேண்டுமானாலும் எடுத்து ஒரே வரியில் தடுக்கலாம். ராத்திரி இரண்டு மணிக்கு யாரோ ஒருவர் திருடிய கடவுச்சொற்களின் பட்டியலை வைத்துக்கொண்டு லாகின் பக்கத்தில் ஆயிரக்கணக்கில் முயற்சி செய்கிறார், பதிவைப் பார்த்தால் பாதி டாரிலிருந்து வருகிறது. அந்த நேரத்தில் தனியுரிமைக் கோட்பாடு எல்லாம் மனசில் வராது அண்ணே, தூக்கம்தான் வரும். மொத்தமாகத் தடுத்துவிட்டுப் படுத்தேன்.

2016-ல், தளங்களுக்குப் பாதுகாப்புச் சேவை தரும் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் தங்கள் வலையமைப்புக்கு டார் வழியாக வரும் கோரிக்கைகளில் 94 சதவீதம் தீய நோக்கம் கொண்டவை என்று எழுதியது. டார் தரப்பு அந்தக் கணக்கை ஏற்கவில்லை, எப்படி எண்ணினீர்கள் என்று கேட்டது. எண் எவ்வளவு சரியோ, நான் கற்றுக்கொண்டது வேறு: கோரிக்கைகளை எண்ணினால் டார் முழுக்கத் திருடன் மாதிரித் தெரியும், ஆட்களை எண்ணினால் அப்படி இல்லை. ஒரே போக்கிரி நிரல் ஒரு மணி நேரத்தில் போடும் கோரிக்கையை ஒரு வாசகர் ஆயுள் முழுக்கப் போட மாட்டார்.

---

நெருப்புக்கோழி

ராக்காவல், நீங்களாவது ஒத்துக்கொண்டீர்களே. எனக்கு இது சோம்பேறித்தனமாகத்தான் தெரிகிறது. ஐபியை வைத்து ஆளை எடைபோடும் காலம் எப்போதோ போயிற்று. ஐபிவி4 என்ற பழைய முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான், அதனால் செல்பேசி நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான பேரை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடைத்து வைத்திருக்கின்றன. அதில் ஒருவன் குறும்பு செய்தால் மற்ற அத்தனை பேருக்கும் கேப்சா. டார் பக்கமே போகாதவர்களும் இப்போது இதே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

அடுத்து வருவது என்ன தெரியுமா, 'அடையாள அட்டையைக் காட்டு, கதவு திறக்கிறேன்'. தென் கொரியா 2007-ல் இதைச் சட்டமாகவே போட்டுப் பார்த்தது. பெரிய தளங்களில் கருத்து எழுத வேண்டுமென்றால் குடியிருப்பு எண்ணைக் கொடுத்து உண்மைப் பெயரை நிரூபிக்க வேண்டும். 2011-ல் ஒரே திருட்டில் சுமார் 3.5 கோடிப் பேரின் விவரம் போயிற்று, நாட்டின் மக்கள்தொகையே 5 கோடிதான். 2012-ல் அந்த நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்தது. அதோடு விட்டதா? 2025-ல் டிஸ்கார்டு என்ற அரட்டைத் தளத்தில், வயது சம்பந்தமான முறையீடுகளுக்காக வாங்கிய அடையாள அட்டைப் படங்கள் வெளியார் நிறுவனம் ஒன்றின் வழியாகக் கசிந்து சுமார் 70,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். சேர்த்து வைத்தால் ஒருநாள் கசியும். சேர்க்காமல் இருப்பது ஒன்றுதான் வழி.

---

பூட்டுச்சாவி

நீங்கள் எல்லாம் வாசலைப் பற்றியே பேசுகிறீர்கள், அரைமுகத்தின் மின்னஞ்சல் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

சொந்த அனுபவம். புனைபெயரில் ஆறு வருஷம் ஒரு மின்னஞ்சல் வைத்திருந்தேன், அதை வைத்துத்தான் நாலு தளங்களில் எழுதினேன், சில நண்பர்களுக்கு அந்தப் பெயர் மட்டும்தான் தெரியும். பதிவுக்கு ஒரு தற்காலிக சிம் வாங்கிப் பிறகு தூக்கிப் போட்டேன், சாமர்த்தியம் என்று நினைப்பு. ஒருநாள் புது இடத்திலிருந்து நுழைந்தேன், அவ்வளவுதான், அந்த எண்ணுக்கு ஓடிபி. பயன்படுத்தாத எண்ணை நிறுவனங்கள் வேறு யாருக்காவது கொடுத்துவிடும். அப்படியானால் என் கணக்கின் சாவி யாரோ முன்பின் தெரியாத ஒருவரின் சட்டைப் பையில் இருக்கிறது, நான் வெளியே நிற்கிறேன். நிறுவனத்துக்கு எழுதினேன், 'நீங்கள்தான் என்று நிரூபியுங்கள்' என்றார்கள். எந்தப் பெயரை நிரூபிப்பேன்? நான்தான் அந்த ஆளே இல்லையே.

பெயர் மறைத்தவருக்கு முறையிட இடம் கிடையாது. சொந்தப் பெயரில் இருப்பவர் அட்டையைக் காட்டி அழுதாவது வாங்கிவிடலாம். அதனால் முகமூடிக் கணக்குக்கு மாற்றுச் சாவிகள் சாதாரணக் கணக்கைவிட அதிகமாக இருக்க வேண்டும். எண்ணை நம்பாமல், போனிலேயே ஓடிபி உருவாக்கும் ஆதென்டிகேட்டர் செயலி, அதை வேறு போனில் மறுபடி அமைக்க உதவும் விதைக் குறியீட்டின் நகல், முடிந்தால் இரண்டு வன்பொருள் சாவி (கணினியில் செருகி நுழையும் சின்னக் கருவி), மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி இரண்டு இடத்தில். அப்புறம், அவ்வப்போது நுழைந்து பார்க்க வேண்டும். கூகுள் 2023-ல் அறிவித்த கொள்கைப்படி 2 ஆண்டு தொடாத தனிநபர் கணக்குகளை நீக்க முடியும். ஒளித்து வைத்த கணக்கைத்தான் நாம் மறந்தும் போவோம்.

---

தூரதேசி

இவ்வளவு எதற்கு? காசு கொடுத்து நல்ல விபிஎன் ஒன்று, ஒரே நாட்டில் நிலையான சர்வர், முடிந்தது கதை. வங்கியும் ஓடும், கேப்சாவும் குறையும். நான் ரொம்ப நாளாக அப்படித்தான்.

---

ஊமைக்கோட்டான்

தூரதேசி, உங்களுக்கு ஓடுகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது மறைவு இல்லை, நம்பிக்கையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றுவது. முன்பு இணைப்பு கொடுப்பவருக்குத் தெரிந்தது இப்போது விபிஎன்காரருக்குத் தெரியும். அவர் பதிவு வைப்பதில்லை என்பது அவர் சொல்வது, உள்ளே போய்ப் பார்க்க நமக்கு வழியில்லை.

டாரும் மந்திரம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 2007-ல் சுவீடன்காரர் ஒருவர் ஐந்து வெளியேறு கணுக்களை நடத்திப் பல தூதரகங்களின் மின்னஞ்சல் கடவுச்சொற்களைப் பிடித்தார். அவர் எதையும் உடைக்கவில்லை. தூதரகத்துக்காரர்கள் மறையாக்கம் இல்லாமல் அனுப்பியதைக் கடைசிக் கணுவில் உட்கார்ந்து படித்தார், அவ்வளவுதான். 2013-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் தேர்விலிருந்து தப்பிக்க டார் வழியாக வெடிகுண்டு மிரட்டல் அனுப்பினார். அந்த நேரத்தில் வளாக வலையமைப்பில் டாரைப் பயன்படுத்தியவர்கள் சிலர்தான், அவரிடம் போய்க் கேட்டபோது ஒப்புக்கொண்டார். அவர் செய்தது அயோக்கியத்தனம், பிடிபட்டது நல்லது. ஆனால் கவனியுங்கள், டார் உடையவே இல்லை. கூட்டம் சின்னதாக இருந்தது. கூட்டம் இருந்தால்தான் முகமூடிக்கு மரியாதை.

---

பெயர்வேண்டாம்

இங்கே புதியவள். படித்துக்கொண்டே வந்தேன், ஒன்றைச் சொல்லத் தோன்றியது. கொஞ்சம் நீளமாகும்.

நீங்கள் எல்லோரும் நிறுவனம், விளம்பரக்காரர், இணைப்பு கொடுப்பவர் இவர்களிடமிருந்து மறைவதைப் பேசுகிறீர்கள். நான் மறைய வேண்டியது ஒரே ஒரு ஆளிடமிருந்து. அவருக்கு என் அம்மாவின் பெயர் தெரியும், என் முதல் பள்ளியின் பெயர் தெரியும், எனக்குப் பிடித்த நிறம் தெரியும். அதாவது என் கணக்குகளின் 'ரகசியக் கேள்வி' எல்லாவற்றுக்கும் அவருக்குப் பதில் தெரியும். என் பழைய போனின் திறவெண்ணும் தெரியும், என் செல்பேசி இணைப்பே அவர் பெயரில் இருந்தது, நான் யாரை அழைத்தேன் என்ற பட்டியல் மாதாமாதம் அவர் கைக்குப் போனது. இந்த இடத்தில் டார் எனக்கு என்ன செய்யும்? வீட்டில் எல்லோரும் எடுத்துப் பார்க்கும் கணினியில் அந்த உலாவியின் சின்னம் இருந்தாலே, 'இது எதற்கு' என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விதான் எனக்கு ஆபத்து.

அந்த வீட்டை விட்டு வெளியே வந்தபோது எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாக இருந்தது, கணக்குகள் முடங்காமல் இருப்பது. ஒரு வாரம் மின்னஞ்சல் பூட்டிக்கொண்டால் வக்கீலின் பதில் வராது, தங்கும் இடத்தை உறுதி செய்ய முடியாது, சம்பளம் எங்கே போகிறது என்று தெரியாது. முடங்கிய கணக்கு, அவரிடமே திரும்பப் போய்விடும்படி ஆளைத் தள்ளும். அதனால் தலைகீழாகச் செய்தேன். வங்கி, வேலை, மருத்துவம் மூன்றும் சொந்தப் பெயரில், சாதாரண இணைப்பில், ஆனால் புது எண், புது மின்னஞ்சல், புது போன். ரகசியக் கேள்விகளுக்கு எல்லாம் பொய்ப் பதில், அம்மாவின் பெயர் கேட்ட இடத்தில் சம்பந்தமே இல்லாத மூன்று சொற்கள். பழைய கணக்குகளில் 'எந்தெந்தச் சாதனத்தில் நுழைந்திருக்கிறது' என்ற பட்டியலைப் பார்த்தேன், பழைய கைக்கணினி ஒன்று அப்போதும் உள்ளேயே இருந்தது. பகிர்ந்த புகைப்பட ஆல்பம், இருப்பிடப் பகிர்வு, குடும்பத் திட்டம் என்று ஒவ்வொன்றாக அறுத்தேன், ஆனால் வெளியே வந்த பிறகுதான், உள்ளே இருக்கும்போது திடீரென்று அறுத்தால் அதுவே தகவல் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

பூட்டுத்திரையில் ஓடிபி தெரியாமல் மறைத்தது ஒரு சின்ன மாற்றம், அதற்குப் பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினேன். டாரை ஒரே ஒரு காரியத்துக்குத்தான் பயன்படுத்தினேன், கிளம்புவதற்கு முன் சட்ட உதவிப் பக்கங்களைப் படிக்க. அதுவும் என் சாதனத்தில் இல்லை.

---

கம்பிவழி

பெயர்வேண்டாம், இதை எழுதியதற்கு நன்றி. நான் மேலே 'வங்கியிடம் எதை மறைத்தீர்கள்' என்று கேட்டது எனக்கே இப்போது பாதிக் கேள்வியாகத் தெரிகிறது. கணக்கு முடங்கிப்போனால் யாருக்கு லாபம் என்பதையும் கேட்டிருக்க வேண்டும்.

---

நெருப்புக்கோழி

அக்கா, மதிக்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும். புது எண்ணையும் சொந்தப் பெயரில்தானே எடுத்திருப்பீர்கள்? செயலிகள் எல்லாம் எண்ணைக் கேட்கின்றனவே, பழைய தொடர்புப் பட்டியல் வழியாக அவருக்கே 'இன்னார் சேர்ந்திருக்கிறார்' என்று போயிருக்காதா?

---

பெயர்வேண்டாம்

அந்தப் பயம் இருந்தது. புது எண்ணைக் குடும்பத்தில் யாருக்கும் கொடுக்கவில்லை, அதனால் யாருடைய பட்டியலிலும் அது இல்லை. செய்திகளுக்கு சிக்னல் என்ற செயலி. பதிவுக்கு அதற்கும் எண் வேண்டும், ஆனால் 2024 பிப்ரவரியிலிருந்து பயனர்பெயர் வசதி இருக்கிறது, எண்ணைக் காட்டாமல் பேசலாம், எண்ணை வைத்துத் தேடினாலும் கிடைக்காதபடி அமைக்கலாம். இந்த இரண்டாவது அமைப்பு தானாக வராது, நாமே போய் மாற்ற வேண்டும்.

---

பூட்டுச்சாவி

இதோடு இன்னொன்று. 'இந்தக் கணக்கால் நுழை' பொத்தானைக் கண்ட இடத்தில் அழுத்தாதீர்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் இணையத்திலிருந்தே காணாமல் போனபோது, அந்தப் பொத்தானை நம்பி வேறு தளங்களில் நுழைந்தவர்களும் வெளியே நின்றார்கள். ஒரே சாவியில் பத்துக் கதவு என்றால் வசதிதான், கூடவே அந்தப் பத்தும் ஒரே ஆளுடையவை என்று ஒருவருக்குத் தெரிந்துபோகிறது. மறைவும் போகிறது, உறுதியும் போகிறது.

---

ராக்காவல்

நேற்று ராத்திரி இதைப் படித்துவிட்டு சர்வர் விதிகளைத் திறந்து பார்த்தேன். 'டார் என்றால் தடு' என்று நான் எழுதிய வரி மூன்று வருஷமாக அப்படியே கிடக்கிறது, படிக்கும் பக்கம், லாகின் பக்கம் என்ற வித்தியாசமே பார்க்காமல். எங்கள் தளத்தில் சட்ட உதவிப் புத்தகங்களும் இருக்கின்றன. பெயர்வேண்டாம் மாதிரி யாராவது வந்து வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம், எனக்குத் தெரியவே தெரியாது, தடுக்கப்பட்டவர் புகார் எழுதும் படிவமும் அதே தடுப்புக்குப் பின்னால்தான் இருந்தது.

விக்கிப்பீடியா செய்வதைப் பாருங்கள். டாரில் படிக்கத் தடையில்லை, திருத்தத்தான் தடை, அதற்கும் விலக்குக் கேட்டு வாங்க வழி உண்டு. படிப்பவரால் சர்வருக்குப் பெரிய கேடு ஒன்றும் இல்லை.

---

ஊமைக்கோட்டான்

தொழில்நுட்பத்திலும் நடுவழி ஒன்று இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் மறையாக்க ஆய்வாளர் டேவிட் சாம் சொன்ன குருட்டுக் கையொப்பம். உறைக்குள் தாளையும் கார்பனையும் வைத்து ஒட்டிக் கொடுக்கிறீர்கள், அதிகாரி உறையின் மேல் கையெழுத்துப் போடுகிறார், கையெழுத்து உள்ளே தாளில் பதிகிறது, தாளில் என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை. பிறகு அந்தத் தாளை எங்கே நீட்டினாலும் 'இது செல்லும்' என்று தெரியும், யாருக்குக் கொடுத்தது என்று கொடுத்தவருக்கே தெரியாது. இதே குடும்பத்து யோசனையில் 2017-ல் பிரைவசி பாஸ் வந்தது, ஒருமுறை கேப்சா போட்டால் சில டோக்கன்கள், அடுத்த வாசல்களில் அவற்றைக் காட்டலாம். 2024-ல் இணையத் தரநிலையாகவும் ஆகிவிட்டது.

---

நெருப்புக்கோழி

அழகுதான், ஆனால் டோக்கனை யார் கொடுப்பது? பெரிய போன் நிறுவனம் 'இது எங்கள் உண்மையான போன்தான்' என்று சான்று கொடுத்தால் கேப்சா இல்லை என்ற ஏற்பாடு ஏற்கெனவே வந்துவிட்டது. அப்போது பழைய கணினியில், திறந்த மென்பொருளில் இருப்பவர் நாளைக்கு என்ன செய்வார்? வாசலில் காவலாளி மாறியிருக்கிறார், அவ்வளவுதான்.

---

ஊமைக்கோட்டான்

அதற்கு என்னிடம் பதில் இல்லை. கொடுப்பவர்கள் பலராக இருந்தால் பரவாயில்லை, இப்போது பலராக இல்லை.

---

அரைமுகம்

ஒரு வாரம் கழித்து வருகிறேன். வங்கிக் கணக்கு திறந்துவிட்டது. எப்படி என்றால், நேரில் போய், அட்டையைக் காட்டி, புகைப்படம் எடுத்துக்கொள்ளச் சொல்லி உட்கார்ந்து, விரல் ரேகையும் வைத்து. மறைவதற்காகத் தொடங்கிய மூன்று வாரத்தில் முன்பைவிட அதிக விவரத்தைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், சிரிக்காதீர்கள்.

மின்னஞ்சல் இன்னும் வரவில்லை. பழைய மடிக்கணினி ஒன்றில் அது திறந்தபடியே இருக்கலாம் என்று நினைவு, இந்த வாரம் தேடிப் பார்ப்பேன். கிடைத்தால் முதல் வேலையாகப் பூட்டுச்சாவி சொன்ன தாள்.

இப்போதைய ஏற்பாடு: வங்கி, மருத்துவர், வேலை எல்லாம் ஒரு உலாவியில், வீட்டு இணைப்பில், நேராக, டிஎன்எஸ் மட்டும் மறையாக்கத்தோடு. தேடலும் படிப்பும் வேறொரு உலாவியில், லாகின் எதுவும் இல்லாமல். நோய் பற்றித் தேடுவது டார் உலாவியில், அதில் எந்தப் படிவத்தையும் நிரப்புவதில்லை. கேப்சா கேட்கும் தளத்தை விட்டுவிட்டு அதே தகவலுக்கு வேறு தளம் பார்க்கிறேன், பெரும்பாலும் கிடைக்கிறது. முழுப் போனையும் டாருக்குள் தள்ளும் வீரம் போயே போய்விட்டது. விளம்பரமும் ஏறக்குறைய நின்றுவிட்டது, நேற்று வந்தது செருப்பு விளம்பரம்.

---

தூரதேசி

செருப்பு என்றால் ஜெயித்துவிட்டீர்கள்.

---

ராக்காவல்

விதியை மாற்றிவிட்டேன். படிக்கும் பக்கங்கள் டாருக்குத் திறந்திருக்கின்றன, லாகினுக்கு மட்டும் வேகக் கட்டுப்பாடு, புகார்ப் படிவம் தடுப்புக்கு வெளியே. தளத்தின் பெயரைத் தனிமடலில் அனுப்புகிறேன், யாராவது டாரில் திறந்து பார்த்துச் சொல்ல முடியுமா?

---

பெயர்வேண்டாம்

பார்த்தேன். திறக்கிறது, கேப்சா கேட்கவில்லை, சட்ட உதவி அலமாரியும் வருகிறது. தேடல் பெட்டியில் ஏதாவது போட்டால் மட்டும் 403.

---

ராக்காவல்

ஐயோ, அது தனி விதியில் இருக்கிறது, மறந்தே போனேன். ராத்திரி பார்க்கிறேன்.